சோறு ஆறாவது படி: எடை குறைக்க வீட்டுச் சாப்பாட்டை மாற்றும் வரிசை

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே சோற்றில் கை வைக்கிறார்கள். மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு ஒரு வாழைப்பழம் என்று தொடங்குவார்கள். நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கை மிக்சர் டப்பாவைத் தேடும். இரண்டு வாரத்தில் பழைய தட்டு திரும்பி வந்துவிடும்.

வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்த சோற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காததுதான் இதற்குக் காரணம். பசியைத் தாங்கும் காயும் பருப்பும் முதலில் தட்டுக்கு வர வேண்டும். அதன் பிறகு சோற்றைக் குறைத்தால் உடம்பு முரண்டு பிடிக்காது. அதனால்தான் கீழே உள்ள வரிசையில் சோறு ஆறாவதாக வருகிறது.

இது உட்கார்ந்து வேலை செய்யும், வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் பெரியவர்களுக்கு எழுதியது. கொத்தனார் வேலை, வயல் வேலை, மூட்டை தூக்கும் வேலை செய்பவர்களுக்கு இங்குள்ள சோற்றின் அளவு பொருந்தாது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஏழு முதல் பத்து நாள் கொடுங்கள். இரண்டு படிகளை ஒரே வாரத்தில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது பலன் தந்தது, எது பசியைக் கிளப்பியது என்று தெரியாமல் போகும்.

## தொடங்கும் முன்

வாங்க வேண்டியவை. ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறை டிஜிட்டல் தராசு, தையல் டேப், 5 மி.லி. தேக்கரண்டி. அளவுக் கரண்டி இல்லாவிட்டால் இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன மூடியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5, 10 என்று கோடு போட்டிருக்கும். வீட்டில் இருக்கும் கரண்டிகளை நம்ப வேண்டாம். ஒரு வீட்டின் "ஒரு கரண்டி எண்ணெய்" இன்னொரு வீட்டில் மூன்று தேக்கரண்டியாக இருக்கும்.

எடுக்க வேண்டிய அளவுகள். எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) வரும். இந்தியர்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கணக்கு. இடுப்பை அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்ட பிறகு பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எடை அசையாத வாரங்களில் இந்த டேப்தான் உண்மையைச் சொல்லும்.

ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின். தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரியாமலேயே மாதக்கணக்கில் சாப்பாட்டோடு போராடுபவர்கள் உண்டு. ரத்தசோகை இருந்தால் அதற்கும் சேர்த்தே சாப்பாட்டைத் திட்டமிட வேண்டும்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு அதன் அறிகுறிகள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐந்தாம் படியைத் தாங்களாகச் செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கும் நேரம் இது இல்லை.

இலக்கு. இப்போதைய எடையில் 5 சதவீதம். 80 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ. அந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். "கல்யாண வயசில் இருந்த எடை" என்று இலக்கு வைத்தவர்கள் பாதியில் சோர்ந்துபோகிறார்கள். வாரத்துக்கு அரை கிலோ போதும்.

## 1. எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதுங்கள்

காலை எழுந்தது முதல் படுக்கும்வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். "மதியம் சாப்பாடு" என்று எழுதினால் பயனில்லை. சோறு எத்தனை கிராம், அப்பளம் எத்தனை, காபியில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று எழுத வேண்டும். சோற்றை நிறுப்பது எளிது: காலித் தட்டைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, வழக்கம்போல் போட்டுக்கொண்டு எண்ணைப் பாருங்கள்.

சமைப்பவர்கள் தவறவிடும் பகுதி ஒன்று உண்டு. உப்பு பார்க்க எடுத்த கூட்டு, குழந்தை மிச்சம் வைத்த தோசை, பாத்திரம் கழுவும் முன் வழித்துச் சாப்பிட்ட கடைசிக் கைப்பிடி சோறு. வீட்டுப் பெண்களின் கணக்கில் இவை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமமாகக்கூட வரும். தயங்காமல் எழுதுங்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை.

எடையைக் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன், ஒரே எந்திரத்தில் பாருங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் சேர்ந்து எடை கூடும். அந்த வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

## 2. குடிக்கும் சர்க்கரை

முதலில் இதைக் குறைப்பதற்குக் காரணம், குடிக்கும் சர்க்கரை பசியை அவ்வளவாக அடக்காது. எடுத்துவிட்டாலும் பசி கூடாது. நாக்கு மட்டும்தான் கேட்கும்.

ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 30 கிராம், அதாவது 120 கலோரி. மாதத்துக்கு 3,600 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது என்று வைத்தால் இது ஏறக்குறைய அரை கிலோவுக்குச் சமம்.

ஒரேயடியாக நிறுத்தினால் பிஸ்கட்டில் போய் நிற்கும். நான்கு நாளுக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அரைக் கரண்டியில் வந்து நிற்கலாம். நாக்கு பழகிய பிறகு பழைய காபி திகட்டும். டிகாக்‌ஷனைக் கெட்டியாக இறக்கி, பாலைக் குறைத்தால் சுவை குறைந்ததே தெரியாது. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3 சதவீதம். நாளைக்கு அரை லிட்டர் பால் குடிக்கும் வீட்டில் நிறத்தை மாற்றுவதே 15 கிராம் கொழுப்பைக் குறைக்கும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாவற்றுக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். "வெல்லம்தானே" என்று மூன்று கரண்டி போடுவது இந்தப் படியில் அதிகம் நடக்கும் தவறு. காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிப்பது கொழுப்பைக் கரைக்காது. ஒரு கரண்டி சர்க்கரையைக் கூட்டும், அவ்வளவுதான். பழச்சாறுக்குப் பதில் பழத்தை அப்படியே சாப்பிடுங்கள். ஒரு டம்ளர் சாத்துக்குடிச் சாறுக்கு மூன்று பழம் வேண்டும்; மூன்று பழத்தை உரித்து ஒரே மூச்சில் யாரும் சாப்பிடுவதில்லை.

## 3. எண்ணெயை அளவுக்குக் கொண்டுவருவது

ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, புரதத்தில் 4, கொழுப்பில் 9. ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி. தட்டில் இது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் சோற்றுக்கு முன்பே எண்ணெயைப் பார்க்கச் சொல்கிறோம்.

மாதக் கணக்கு போடுங்கள். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு நாளைக்கு 41 மி.லி. விழுகிறது, 340 கலோரி. தலைக்கு மாதம் அரை லிட்டர், மொத்தம் 2 லிட்டர் என்று இறக்கினால் ஒருவருக்குச் சுமார் 140 கலோரி. யாருடைய தட்டிலும் சாப்பாடு குறையாமல் ஆளுக்கு 200 கலோரி மிச்சம். நெய்யும் வெண்ணெயும் இந்தக் கணக்குக்குள்தான் வரும்.

மாதத்தின் முதல் நாள் அந்த 2 லிட்டரைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுப்பருகே இருக்கும் தூக்கிலிருந்து ஊற்றுவதை விட்டு, தேக்கரண்டியால் மட்டும் எடுங்கள். எங்கே குறைப்பது என்பதற்குச் சில இடங்கள்:

- தாளிப்புக்கு நான்கு பேருக்கு ஒரு தேக்கரண்டி போதும். சின்னத் தாளிப்புக் கரண்டி வாங்குங்கள். பெரிய வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பரந்துபோய்க் கடுகு பொரியாது. அதனால்தான் கை மீண்டும் எண்ணெய்க்குப் போகிறது.
- பொரியலுக்குக் காயைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் தாளிப்பைச் சேருங்கள். பச்சைக் காயை எண்ணெயிலேயே வதக்கத் தொடங்கினால் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் குடித்துக்கொண்டே இருக்கும்.
- குழம்பில் "எண்ணெய் பிரியும்வரை" வதக்கும் பக்குவத்தை வாரத்தில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் வெங்காயம் தக்காளியை உப்புப் போட்டு மூடி வதக்கினால் தன் நீரிலேயே வெந்துவிடும்.
- அப்பளத்தைத் தணலில் சுடுங்கள்.
- இட்லிப் பொடிக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். குழி செய்து ஊற்றுவது மூன்று கரண்டிக்குக் குறையாது.

தேங்காயும் இங்கே சேரும். 100 கிராம் தேங்காயில் சுமார் 350 கலோரி. காலைச் சட்னி, மதியக் கூட்டு, இரவுக் குருமா என்று மூன்று வேளையும் அரைத்தால் ஒரு ஆளுக்கு அரை மூடிக்கு மேல் போய்விடும். நாளைக்கு ஒரு வேளை என்று வையுங்கள். காலையில் தேங்காய்ச் சட்னி என்றால் மதியப் பொரியலில் தேங்காய் இல்லை. தக்காளிச் சட்னி, கொத்தமல்லித் துவையல், புதினாத் துவையல் மற்ற நாட்களுக்கு.

விலை உயர்ந்த எண்ணெய்க்கு மாறினால் எடை குறையும் என்று நினைப்பது தவறு. ஆலிவ் எண்ணெய், செக்கு எண்ணெய், கடலை எண்ணெய் எல்லாமே ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். எண்ணெயை முழுக்க நிறுத்துவதும் தவறு. வைட்டமின் ஏ, டி, ஈ, கே உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். எண்ணெயே இல்லாத பொரியல் ஒரு வாரத்தில் வீட்டில் கலகத்தையும் உண்டாக்கும்.

## 4. காயைக் கூட்டுங்கள்

இதுவரை எடுத்தோம். இனிச் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு 300 கிராம் காயும் கீரையும், பச்சையாக நிறுத்த அளவில். அதில் பாதிக்கு மேல் மதியம் வரட்டும்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 1.2 கிலோ, வாரத்துக்கு 8 கிலோவுக்கு மேல். வாரச் சந்தையிலிருந்து மூன்று கிலோவோடு வந்தால் ஆளுக்கு நாளைக்கு 100 கிராம்தான் கிடைக்கும். சோறு குறையாததற்குப் பாதிக் காரணம் அந்தப் பையிலேயே இருக்கிறது.

உருளைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் இந்தக் கணக்கில் வராது. இவை சோற்றின் பங்காளிகள். சமைக்கும் நாளில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். சுரைக்காய், புடலை, பீர்க்கு, கோஸ், பூசணி, வெண்டை, அவரை, பீன்ஸ், முருங்கைக்கீரை, அரைக்கீரை ஆகியவை தாராளம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். முதல் மூன்று நாள் 50 கிராம் மட்டும் கூட்டி, தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள்.

## 5. புரதம்: தமிழ்த் தட்டில் இருக்கும் பள்ளம்

மற்ற படிகளைவிட இதில் அதிக நேரம் செலவிடுங்கள். எடை குறையும்போது உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கும். புரதம் குறைவாக இருந்தால் தசை இழப்பு அதிகமாகும், சோர்வு வரும். புரதம் பசியையும் நீண்ட நேரம் தள்ளிவைக்கும். அடுத்த படியில் சோற்றைக் குறைக்கப் போவதால், இந்தத் தாங்கல் இப்போதே தயாராக வேண்டும்.

எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம். எடை குறைக்கும் காலத்தில் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த எடைக்கு? உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 100ஐக் கழித்தால் வரும் எண்ணுக்கு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 65 கிராம்.

எதில் எவ்வளவு? ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீன் அல்லது கோழியில் 18 முதல் 20 கிராம். 100 கிராம் தயிரில் 3 கிராம். 30 கிராம் துவரம்பருப்பு அல்லது பாசிப்பருப்பில் 7 கிராம். 40 கிராம் கொண்டைக்கடலையில் 8 கிராம். 30 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 15 கிராம். பருப்பு, கடலை, சோயா எல்லாம் வேகவைக்கும் முன் நிறுத்த எடை.

சாம்பாரை நம்பி ஏமாறுவது இந்தப் படியின் பெரிய தவறு. "தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே" என்பார்கள். நான்கு பேருக்கு 60 கிராம் துவரம்பருப்பு போட்டு, இரண்டு வேளைக்கு நீட்டிய சாம்பாரில் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 2 கிராம் புரதம்கூட வராது. ரசத்தில் அதுவும் இல்லை. ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டு, கரண்டியில் நிற்கும்படி கெட்டியாக வையுங்கள். அல்லது சாம்பாரை அப்படியே விட்டு, பாசிப்பருப்புக் கூட்டோ கீரை மசியலோ தினமும் ஒன்று சேருங்கள்.

சைவச் சாப்பாட்டில் ஒரு நாள் இப்படி வரும்: காலை மூன்று இட்லியும் கெட்டிச் சாம்பாரும் 10 கிராம், இரண்டு சிறிய காபியின் பால் 3, மதியச் சோறு 4, பாசிப்பருப்புக் கூட்டு 7, தயிர் 150 கிராம் 5, மாலைச் சுண்டல் 8, இரவு இரண்டு அடை 9. மொத்தம் 46. இவ்வளவு கவனமாக இருந்தும் 65ஐத் தொடவில்லை. ஆகவே 65ஐ நெருங்க 30 கிராம் சோயா உருண்டையைக் குழம்பிலோ பொரியலிலோ சேருங்கள், அல்லது முட்டை சாப்பிடுபவர்கள் இரண்டு முட்டை சேருங்கள். சோயாவை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டால் அந்தப் பச்சை வாடை போய்விடும்.

அசைவம் சாப்பிடும் வீடுகளில் தவறு வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ கறி, மற்ற ஆறு நாள் ஒன்றும் இல்லை. ஒரு நாளின் புரதத்தை உடம்பு வாரம் முழுக்கச் சேமித்து வைக்காது. மத்தி, அயிலை, சங்கரா என்று மலிவான மீனை வாரம் மூன்று நாள் குழம்பாக வையுங்கள். வறுத்தால் மூன்றாம் படியில் மிச்சம் பிடித்த எண்ணெய் திரும்பி வந்துவிடும்.

வேர்க்கடலையிலும் பனீரிலும் புரதம் இருக்கிறது, கொழுப்பும் நிறைய இருக்கிறது. 30 கிராம் வேர்க்கடலை 170 கலோரி. கைப்பிடி அளவோடு நிறுத்துங்கள்.

## 6. இப்போது சோறு

100 கிராம் வேகாத அரிசி சுமார் 350 கலோரி. வெந்தால் 280 முதல் 300 கிராம் சோறாகும். ஆகவே 100 கிராம் சோறு 120 முதல் 130 கலோரி. முதல் வாரக் குறிப்பைத் திருப்பிப் பாருங்கள். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போட்டதில் 450 கிராம் வந்திருந்தால், மதியச் சோறு மட்டும் 560 கலோரி.

இலக்கு 150 முதல் 200 கிராம் சோறு, அதாவது 50 முதல் 70 கிராம் அரிசி. வாரத்துக்குக் கால் பங்கு என்று இறக்குங்கள். 450ல் தொடங்கியவர் 340, 255, 190 என்று மூன்று வாரத்தில் வந்து நிற்பார்.

செய்யும் முறை:

1. அரிசி போடும்போதே குறையுங்கள். குக்கரில் இருக்கும் சோறு எப்படியாவது தீரும். "வீணாகப் போகுதே" என்று கடைசியில் சாப்பிடுபவர் பெரும்பாலும் அம்மாதான்.
2. தட்டில் காயையும் கூட்டையும் முதலில் வையுங்கள். தட்டின் பாதி நிரம்பிய பிறகு சோற்றுக்கு இடம் தானாகக் குறையும்.
3. காயில் பாதியையும் கூட்டையும் சோற்றுக்கு முன்பே சாப்பிடுங்கள். மாவுச்சத்துக்கு முன் நாரும் புரதமும் போனால் சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.
4. சோற்றை ஒரே முறை போட்டு, சாம்பாருக்கும் மோருக்கும் இரண்டாகப் பிரியுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மூன்று தவணைப் பழக்கத்தை உடைப்பது இந்தப் படியின் பாதி வேலை.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி: சிறுதானியத்துக்கு மாறலாமா? மாறலாம், ஆனால் நிறுத்துச் சாப்பிடுங்கள். தினை, சாமை, வரகு, கேழ்வரகு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு அரிசிக்குப் பக்கத்தில்தான் கலோரி. நார்ச்சத்து கூடுதல் என்பதால் பசி கொஞ்சம் தாங்கும். "சிறுதானியம்தானே" என்று ஐந்து கேழ்வரகு தோசை சாப்பிட்டால் எடை குறைய வழியே இல்லை. சிவப்பரிசிக்கும் இதே பதில். சப்பாத்தியும் அப்படித்தான்: 30 கிராம் மாவுச் சப்பாத்தி எண்ணெய் இல்லாமல் 100 கலோரி. குருமாவோடு நான்கு சாப்பிட்டால் அந்த அளவுச் சோற்றைவிடக் கூடுதல்.

கஞ்சி வடித்தால் எடை குறையும் என்பதை நம்பி அளவை விட்டுவிடாதீர்கள். கஞ்சியோடு போகும் மாவுச்சத்து மொத்தத்தில் சிறு பகுதிதான்.

## 7. காலையும் இரவும்

காலைக்கு மூன்று இட்லி, இரண்டு கரண்டி கெட்டிச் சாம்பார், முடிந்தால் ஒரு முட்டை. இட்லி ஒன்று 55 முதல் 60 கலோரி. அதே மாவை இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு முறுகலாக வார்த்தால் எண்ணெய் மட்டும் 80 கலோரி சேரும். வெண்பொங்கலும் பூரியும் மாதத்துக்கு இரண்டு முறை.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடியுங்கள். எட்டைத் தாண்டினால் கொழுப்பாகிவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. தாமதமாகச் சாப்பிடும் வீடுகளில் ஏழு மணிக்கு ஒரு நொறுக்குத்தீனி, பத்து மணிக்கு முழுச் சாப்பாடு என்று இரண்டு வேளையாகிறது. சாப்பிட்ட உடனே படுப்பதால் நெஞ்செரிச்சலும் வரும்.

இரவில் வெறும் பழம் மட்டும் சாப்பிடுவது பரவலான தவறு. புரதம் இல்லாததால் நள்ளிரவில் பசிக்கும், காலையில் இரண்டு மடங்கு சாப்பிடத் தோன்றும். இரண்டு அடை, அல்லது இரண்டு இட்லியோடு ஒரு கிண்ணம் காய்க்கூட்டு, அல்லது பெசரட்டு (பாசிப்பயறு தோசை) நல்லது.

## 8. மாலை நான்கு முதல் ஏழு

திட்டம் அதிகம் உடையும் நேரம் இது. டீக்கடை வடை, பஜ்ஜி, அலுவலகத்தில் சுற்றிவரும் பிஸ்கட். மேரி பிஸ்கட் நான்கு சாப்பிட்டால் 100 கலோரி, பசியும் அடங்காது. மிக்சர், முறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல்.

காலையில் கிளம்பும்போதே மாலைக்கு உரியதை டப்பாவில் எடுத்துப் போங்கள். சுண்டல், ஒரு கொய்யா, வெள்ளரி, மோர். முதல் நாள் இரவு கடலை ஊறவைக்க மறந்தால் மறுநாள் மாலை வடைதான். கைப்பேசியில் இரவு ஒன்பது மணிக்கு "கடலை ஊறவை" என்று அலாரம் வைப்பது மற்ற எந்த உறுதிமொழியையும்விட நன்றாக வேலை செய்யும்.

## 9. ஞாயிறும் விருந்தும்

ஐந்து நாள் தினமும் 400 கலோரி மிச்சம் பிடித்தால் 2,000. ஞாயிறு மதியம் பிரியாணி, மாலை ஐஸ்கிரீம், இரவு மூன்று பரோட்டா சால்னா என்று போனால் அதில் பெரும்பகுதி ஒரே நாளில் போய்விடும். எடை குறையாத பலரின் குறிப்பேட்டில் திங்கள் முதல் வெள்ளிவரை ஒரு தவறும் இருக்காது.

ஞாயிறு ஒரு வேளை மட்டும் விருப்பச் சாப்பாடு. பிரியாணியில் கறியும் வெங்காயப் பச்சடியும் முதலில், சோறு கடைசியில். கல்யாணப் பந்தியில் பாயசம், ஜாங்கிரி, அப்பளம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை ரசித்துச் சாப்பிடுங்கள். மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். பட்டினியின் மறுநாள் பழைய அளவு திரும்பும்.

## 10. எடை நின்றுவிட்டால்

முதல் இரண்டு வாரம் வேகமாகக் குறைவதில் பெரும்பங்கு நீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும்; அது கரையும்போது நீரும் வெளியேறும். மூன்றாம் வாரம் வேகம் குறைந்ததும் "வேலை செய்யவில்லை" என்று விடுபவர்கள் நிறைய. அங்கிருந்து குறையும் எடையில்தான் கொழுப்பின் பங்கு அதிகம்.

எட்டாவது வாரத்துக்கு மேல் மூன்று வாரச் சராசரி அசையாமல் இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் மூன்று நாள் மீண்டும் நிறுத்து எழுதுங்கள். கண்ணளவு மெல்ல ஏறியிருக்கும், 180 கிராம் சோறு 250 ஆகியிருக்கும். அடுத்து எண்ணெய்ப் பாத்திரம். அதன்பின் உப்பு: நாளைக்கு 5 கிராம்தான் எல்லை. ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்ட மறுநாள் எடை கூடுவது நீரால்தான். இரண்டு நாளில் இறங்கிவிடும். இவை எல்லாம் சரியாக இருந்து, இடுப்பு அளவும் குறையவில்லை என்றால், குறைந்த எடைக்கு ஏற்ப உடம்பின் தேவையும் குறைந்திருக்கும். சோற்றில் இன்னும் 50 கிராம் குறையுங்கள் அல்லது தினமும் அரை மணி நேரம் கூடுதலாக நடங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துகொண்டே போனால், அல்லது கொத்துக்கொத்தாக முடி கொட்டினால், தலைசுற்றினால், மாதவிடாய் தள்ளிப்போனால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டி மருத்துவரைப் பாருங்கள். வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகலாம். சாப்பிட்ட பின் வலது மேல் வயிற்றில் வலி வந்தால் வாயு என்று ஒதுக்கிவிடாமல் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் எழுந்து நிற்கும்போது கண் இருண்டால், குறைந்த எடைக்கு அந்த மாத்திரையின் அளவு அதிகமாகிவிட்டிருக்கலாம். அதைத் தானாக நிறுத்தாமல், ஒரு வார அழுத்த அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.